ஃபைப்ரோசிஸ்: நாரேற்றமா, நார்மையா, வடுவா?

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

சிறுநீரகத் திசு ஆய்வைக் கொண்டு செயலிழப்பை முன்கணிப்பது பற்றிய பாடக்குறிப்பை வெள்ளிக்குள் முடித்துத் தர வேண்டும். ‘இன்டர்ஸ்டிஷியல் ஃபைப்ரோசிஸ், டியூபுலர் அட்ரோஃபி’, அதாவது சிறுநீரகக் குழல்களுக்கிடையே நார்த்திசு மண்டுதல், அக்குழல்கள் சுருங்குதல் என்ற இரட்டையில் சிக்கி நிற்கிறேன். ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படிவதால் வரும் ஐஜிஏ சிறுநீரக நோய்க்கு 2009இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு வகைப்பாட்டில் ‘டி’ குறிப்பது இதைத்தான்: சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியில் பாதிப்பு 25 விழுக்காடு வரை டி0, 50 வரை டி1, அதற்கு மேல் டி2. அவ்வகைப்பாட்டின் கூறுகளுள் செயலிழப்பை மிக வலுவாக முன்னுணர்த்துவது இதுவே என்பதால், சொல் பிசகினால் பாடமே பிசகும். ‘இடைத்திசு நாரேற்றம், குழல் நலிவு’ என எழுதியிருக்கிறேன், சரியா?

மறுமொழி 1: ஐயா, நாரேற்றம் என்பது குருதியேற்றம்போல் யாரோ நாரை உள்ளே செலுத்தியதாகத் தொனிக்கிறது. ‘வடு’ என்றால் நோயாளிக்கும் புரியும். நாவினால் சுட்ட வடு ஆறாது என்றாரே வள்ளுவர். இதுவும் ஆறாத வடுதான்.

மறுமொழி 2: வள்ளுவரிடமே வருகிறேன். வடு என்பது புண் ஆறியபின் எஞ்சுவது; இதுவோ மேலும் பரவக்கூடியது. குருதியை வடிகட்டும் நுண்குழாய்ச் சுருளான குளோமருலஸின் ஸ்கிளிரோசிஸையும் (இறுகுதல்) வடு என்போமானால், அவ்வகைப்பாட்டில் அதைக் குறிக்கும் ‘எஸ்’ஸும் ‘டி’யும் ஒன்றாகிவிடும். ‘நாணாமை நாடாமை நாரின்மை’ என்ற குறளில் நார் என்பது அன்பு. பிணிப்பதனால்தான் அன்பு நார் ஆயிற்று என்பது என் துணிபு; குழல்களுக்கிடையே மண்டும் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்துக்கும் அச்சொல்லே பொருந்தும். ஆகவே ‘நார்மை’ போதும்.

மறுமொழி 3: ஈழத்துப் பாடநூல்களில் திசு என்பது இழையம். ஆதலால் ‘இழைமை’ என்று எவரும் தொடங்கிவிட வேண்டாம்.

மறுமொழி 4: நாள்தோறும் நுண்ணோக்கியில் திசுத் தகடு பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாரை நீலமாகக் காட்டும் மேசன் சாயமேற்றிய தகட்டில், குழல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் நீலம் படர்ந்திருக்கும். நடுவே சுருங்கிய குழல்கள், தடித்த அடிச்சவ்வோடு. நீர்க்கோப்பும் குழல்களை விலக்கும், ஆனால் அது வடிந்துவிடும். நார் அப்படி வடியாது. முன்கணிப்பு இவ்வேறுபாட்டில்தான் நிற்கிறது என்பதால் ‘நார்’ என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். ‘நலிவு’ சரி, ‘சிதைவு’ என்றால் குழல் உடைந்ததாக மாணவர் எண்ணுவர்.

கேட்டவர்: அனைவர்க்கும் நன்றி. ‘இடைத்திசு நார்மை, குழல் நலிவு’ என்றே அனுப்புகிறேன். முதல் வருகையில் மட்டும் ‘வடுப்போல் இறுகிய நார்’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

மறுமொழி 1 எழுதியவர்: விளக்கத்துக்கு வடு தேவைப்படுகிறதென்றால் சொல்லாகவே அதை வைத்திருக்கலாம். என் மறுப்பு நீடிக்கிறது.