எக்ஸ்பி தொடங்கும்போது வரும் இரண்டு வரிகளில் ஒன்றை நீக்குவது எப்படி?

கடைவீதி:
அப்பாவின் ஹார்டுவேர் கடையில் பில் போடுவது இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான். அந்த பில்லிங் சாஃப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது. சி டிரைவில் இருந்த எக்ஸ்பி கெட்டுப்போனதும், சர்வீஸ் செய்தவர் டி-யில் புதிதாகப் போட்டுவிட்டு சி-யில் இருந்த பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். இப்போது ஆன் செய்ததும் ஒரே பெயரில் இரண்டு வரிகள் வந்து 30 விநாடி நிற்கிறது, அப்பா அவசரத்தில் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் ஹால்.டிஎல்எல் ஃபைலைக் காணோம் என்று கருப்புத் திரையிலேயே நின்றுவிடுகிறது. அந்த வரியை எப்படி எடுப்பது? சி காலியாகத்தானே இருக்கிறது, அதை ஃபார்மட் செய்து பில் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

பழைய பெட்டி:
முதலில் இரண்டாவது கேள்வி. சி-யை ஃபார்மட் செய்யவே செய்யாதீர்கள் நண்பரே. விண்டோஸ் டி-யில் இருந்தாலும் உங்கள் கம்ப்யூட்டர் கிளம்புவது சி-யிலிருந்துதான். என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட், பூட்.ஐஎன்ஐ என்ற மூன்று ஃபைல்களும் அங்கேதான் மறைந்து கிடக்கின்றன, அவை போனால் டி-யில் உள்ள நல்ல விண்டோஸும் எழாது. பேக்கப்புக்கு ஃபார்மட் எதற்கு? ஒரு ஃபோல்டர் போட்டாலே போதும். ஆனால் அதே டிஸ்க்கில் இருப்பதை நம்பி இருக்காதீர்கள், பென் டிரைவிலும் ஒரு நகல் வேண்டும்.

இப்போது மெனு. அட்மின் கணக்கில் நுழைந்து, மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரியில் செட்டிங்ஸ். அங்கே எடிட் பட்டனை அமுக்கினால், அந்த இரண்டு வரிகளும் எழுதப்பட்டிருக்கும் பூட்.ஐஎன்ஐ நோட்பேடில் திறக்கும். எதையும் தொடுவதற்கு முன் அதை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வரிகளில் பார்டிஷன்(1), பார்டிஷன்(2) என்று இருக்கும். டிஸ்க்கின் எண் 0-விலிருந்து தொடங்கும், பார்டிஷனின் எண் 1-லிருந்து. பலர் குழம்புவது இங்கேதான். ஒரே டிஸ்க், இரண்டே டிரைவ் என்றால் சி-க்கு 1, டி-க்கு 2. உடனே அழிக்காமல், மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் பெயரை மட்டும் முதலில் மாற்றுங்கள்: 2 உள்ள வரிக்கு 'கடை', 1 உள்ளதற்கு 'பழையது' என்று ஆங்கில எழுத்தில். அது திரையில் காட்டும் பெயர் மட்டும்தான், எதையும் கெடுக்காது. ரீஸ்டார்ட் செய்து 'கடை' சரியாக எழுகிறதா என்று பார்த்த பிறகு 'பழையது' வரியை நீக்குங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
நோட்பேடில் கை வைக்கப் பயமாக இருந்தால் ரன்னில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, பூட்.ஐஎன்ஐ டேபில் 'செக் ஆல் பூட் பாத்ஸ்' அமுக்குங்கள். ஃபோல்டர் இல்லாத வரியை அதுவே கண்டுபிடித்து நீக்கவா என்று கேட்கும். உங்கள் விஷயத்தில் பழைய ஃபோல்டர் போய்விட்டதால் இந்த வழி நன்றாகவே பொருந்தும். கையால் மாற்றுவதாக இருந்தால் மேலே டிஃபால்ட் என்று இருக்கும் வரியையும் பாருங்கள், அதில் உள்ள முகவரி, கீழே மிஞ்சியிருக்கும் வரியில் பெயருக்கு முன் உள்ள முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

30 விநாடியையும் 5 ஆக்கிவிடலாம். 0 வேண்டாம் என்பேன், ஏதாவது கோளாறு வந்து சேஃப் மோடுக்குப் போக எஃப்8 அமுக்கும்போது அந்தச் சில விநாடிகளின் அருமை தெரியும்.

தேன்மழை:
எங்கள் வீட்டில் விண்டோஸ் 7. இதே எடிட் பட்டனைத் தேடினேன், காணவே இல்லையே?

பழைய பெட்டி:
இருக்காது. விஸ்டாவிலிருந்து பூட்.ஐஎன்ஐ-க்குப் பதில் பிசிடி என்ற அமைப்பு வந்துவிட்டது, அதை நோட்பேடில் திருத்த முடியாது. உங்களுக்கு எம்எஸ்கான்ஃபிக்கில் 'பூட்' டேப் போதும், டிஃபால்ட் மாற்றுவது, வரியை நீக்குவது, நேரத்தைக் குறைப்பது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். நேரம் மட்டும் 3 விநாடிக்குக் கீழே போக விடாது.

கடைவீதி:
மிக்க நன்றி. பெயரை மாற்றிப் பார்த்தேன், 'கடை' சரியாக எழுகிறது, பழைய வரியை எடுத்து நேரத்தை 5 ஆக்கிவிட்டேன். இந்தக் கம்ப்யூட்டரில் நெட் இணைப்பு இருக்கிறது, அதை விட்டுவைக்கலாமா?

ராத்திரி ஷிப்ட்:
கழற்றிவிடுங்கள். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, பில் போட நெட் தேவையில்லை என்றால் அந்த கேபிள் அதில் இருக்கவே கூடாது.