புதுப்பிப்பு: வேலையை விட்ட தேதி ஏறாம நின்ன பிஎஃப் டிரான்ஸ்பர் முடிஞ்சிருச்சுங்க

வழி சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஓசூர் சிப்காட்ல பழைய காண்ட்ராக்டர் நான் வேலையை விட்ட தேதியைப் போடாம இழுத்தடிக்கிறாரு, பிஎஃப் பணம் புது கம்பெனி கணக்குக்கு மாற மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தேன்ல, அது முடிஞ்சுது.

வேலைக்கு ஆனது நம்ம சங்கத்து அண்ணன் ஒருத்தர் சொன்ன வழிதான். யுஏஎன் (நம்ம பிஎஃப் அடையாள எண்) போர்ட்டல்ல 'மேனேஜ்'குள்ள 'மார்க் எக்ஸிட்' (வேலையை விட்டதைப் பதியுற இடம்) போய் பழைய கம்பெனியை எடுத்து, தேதி போட்டு ஆதார் ஓடிபி அடிச்சா நாமளே ஏத்திடலாம், காண்ட்ராக்டர் கையெழுத்தே வேணாம். ஆனா கடைசியா பிஎஃப் கட்டி ரெண்டு மாசம் தாண்டியிருக்கணும், போடுற தேதியும் கடைசியா பணம் ஏறின அந்த மாசத்துக்குள்ளதான் இருக்கணும்.

இங்கதான் எதிர்பார்க்காத ஒண்ணு. பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தா நான் வேலை பார்த்த கடைசி மாசத்துக்கான பணம் ஏறவே இல்ல, சம்பளச் சீட்டுல மட்டும் பிடித்தம் தெளிவா இருக்கு! உழைச்ச காசுங்க அது, எப்படி விடுறது. சங்கம் மூலமா சீட்டு நகலோட லெட்டர் கொடுத்தோம், காண்ட்ராக்டர் அந்தப் பணத்தைக் கட்டிட்டாரு, அதுக்கப்புறம்தான் தேதியை ஏத்துனேன், டிரான்ஸ்பரும் போட்டேன், பழைய பணம் இப்ப புது கணக்குல வந்துருச்சு.

அதனால காண்ட்ராக்ட் மாறுறவங்க தேதியை ஏத்துறதுக்கு முன்னாடி முதல்ல பாஸ்புக்கையும் சம்பளச் சீட்டையும் மாசாமாசம் ஒத்துப் பார்த்துக்குங்க. சீட்டு இல்லன்னா இப்பவே கேட்டு வாங்கி வைங்க.