என்கிராஃப்ட்மென்ட்: 'வேர்பிடிப்பு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

'என்கிராஃப்ட்மென்ட்' என்பதற்குச் சொல் கேட்டு நான் போட்ட மடலுக்கு மூன்று நாளில் இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியே எழுத நேரமில்லை, சேர்த்தே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: இரத்தக் குருத்தணு மாற்று செய்துகொள்ளப்போகும் குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ரத்த அணுக்களையெல்லாம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை. 'மாற்று' என்பதும் நிலைத்துவிட்டது. சிக்கல் அதற்கு அடுத்த படியில். ஏற்றிய குருத்தணுக்கள் எலும்புக்குள் பிழைத்துப் பெருகத் தொடங்குவதைத்தான் என்கிராஃப்ட்மென்ட் என்கிறார்கள்.

வந்த பரிந்துரைகளில் பாதி, இது ஏதோ அறுவை என்று நினைத்துக்கொண்டு வந்தவை. குற்றம் உங்களுடையது இல்லை. நாளிதழ்கள் 'எலும்பு மஜ்ஜை மாற்று அறுவை சிகிச்சை' என்று எழுதி எழுதி நம் தலையில் ஏற்றிவிட்டன. குழந்தையை யாரும் அறுப்பதில்லை. கொடையாளரின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ, ரத்தத்திலிருந்தோ, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தோ எடுத்த குருத்தணுக்கள் ஒரு பையில் வரும். ரத்தம் ஏற்றுவது போலவே குழாய் வழியாக ஏற்றுவார்கள். அணுக்கள் தாமாகவே ரத்தத்தோடு ஓடி, எலும்புக்குள் இடம் தேடி உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். அப்புறம் காத்திருப்பு. இரண்டு வாரம், மூன்று வாரம், சில சமயம் நான்கும் ஆகும்.

அந்த நாள்களில் தினமும் ரத்தம் எடுத்து, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை பார்ப்பார்கள். வார்டில் அதற்குப் பெயர் 'கவுண்ட்'. தொடர்ந்து மூன்று நாள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் குறையாமல் இருந்தால், அந்த மூன்றில் முதல் நாளை என்கிராஃப்ட்மென்ட் நாள் என்று குறித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு வார்டுக்கு வெளியே ஓர் அம்மாவைப் பார்த்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எறியாமல் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தாளின் முதுகிலும் பென்சிலில் ஒரே ஓர் எண். 0, 0, 0, 20, 0, 60. "இருபது வந்துட்டு மறுபடி சைபருக்குப் போயிடுச்சு சார், பிடிக்குமா பிடிக்காதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் 'பிடிக்குமா' என்ற அந்த வினை காதிலேயே நின்றுவிட்டது. இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> கிராஃப்டுக்கு 'ஒட்டு' இருக்கிறது. 'ஒட்டுகை' என்று எழுதிவிட்டுப் போகலாமே.

புலவர் ஐயா, இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒட்டு மாங்கன்றில் கீழே ஒரு மரம், மேலே ஒரு மரம். வெட்டிக் கட்டிய தழும்பு கடைசிவரை தெரியும். இங்கே வெட்டும் இல்லை, கட்டும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தொற்றுநோய்க்கு நம் பழைய பெயரே 'ஒட்டுவாரொட்டி'. கிருமி எங்கே வந்துவிடுமோ என்று கதவைத் தொட்ட கையைக்கூடக் கழுவிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் போய் "உங்கள் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது" என்று சொல்ல முடியுமா?

> 'பதியம்' அழகான சொல்.

அழகுதான். ஆனால் பதியம் போடும்போது கிளை தாய்ச்செடியோடு சேர்ந்தே இருக்கும், வேர்விட்ட பிறகுதான் பிரிப்போம். கொடையாளரின் அணு பையில் வரும்போதே பிரிந்துதான் வருகிறது. பொருந்தவில்லை.

> 'குடியேற்றம்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

அணுக்கள் எலும்பைத் தேடிப் போய்ச் சேர்வதற்கு இது நல்ல சொல், அதற்கென்றே எடுத்து வைத்துக்கொள்வோம். ஆனால் போய்ச் சேர்வது வேறு, பிழைத்துப் பெருகுவது வேறு. ஊருக்குப் போய் வீடு பிடித்ததையும் அங்கே பிழைப்பு அமைந்ததையும் ஒரே சொல்லில் சொல்ல மாட்டோம் இல்லையா?

ஆகவே என் பரிந்துரை: வேர்பிடிப்பு.

நான் வயல்காட்டில் வளர்ந்தவன், அந்தச் சாய்வு எனக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். நாற்றங்காலில் செழிப்பாக நின்ற நாற்றைப் பறித்து நட்டால், முதல் சில நாள் வெளுத்து, துவண்டு, செத்த மாதிரி நிற்கும். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணி வைப்போம். என் அம்மா வரப்பில் உட்கார்ந்து ஒரு நாற்றின் நுனியை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் இன்னும் பிடிக்கவில்லை. இழுத்தால் எதிர்த்து இழுத்தது என்றால் வேர் பிடித்துவிட்டது. வார்டில் தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அந்த இரண்டு விரல் வேலைதான்.

'வேரூன்றல்' ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். வேரூன்றியது என்றால் இனி அசையாது என்று பொருள். பழக்கம் வேரூன்றும், பகை வேரூன்றும். என்கிராஃப்ட்மென்ட் அப்படி இல்லை. இருபதாம் நாள் பிடித்தது பிறகு கைவிட்டுப் போவதும் உண்டு. தொடக்கத்தை மட்டும் சொல்லி, முடிவுக்கு வாக்குக் கொடுக்காத சொல் வேண்டும். எதிர்ச்சொல்லும் எளிதாக வருகிறது. தொடக்கத்திலேயே பிடிக்காமல் போனால் வேர்பிடியாமை, பிடித்துப் பின் இழந்தால் வேரிழப்பு. 'பட்டுப்போதல்' என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். மரத்துக்குச் சொல்லலாம், பிள்ளையைப் பற்றிய தாளில் அந்தச் சொல் வேண்டாம்.

அடுத்தது, இதைவிடக் கடினமானது: 'இம்யூன் ரீகான்ஸ்டிட்யூஷன்', அதாவது வேர் பிடித்த அணுக்களிலிருந்து குழந்தைக்கு நோயெதிர்ப்பாற்றல் உருவாவது. நோயெதிர்ப்பு மீட்சி, மீளமைப்பு, மீட்டுருவாக்கம் என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் அந்த 'மீள்' இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, ஸ்கிட் எனப்படும் கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு அவன் அக்காவின் மஜ்ஜையைக் கொடுத்துப் பிழைக்க வைத்தது. இந்தச் சிகிச்சையின் வரலாறே ஏறக்குறைய அங்கேதான் வெற்றிக் கணக்கைத் தொடங்குகிறது. அந்தக் குழந்தைக்கு மீட்டுக்கொடுக்க என்ன இருந்தது? நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுவான டி அணு பிறக்கும்போதே இல்லை. இல்லாததை எப்படி மீட்பது?

சரி, ஸ்கிட் அரிது, தலசீமியா, ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காவது 'மீட்சி' பொருந்துமே என்றால், அங்கேயும் பொருந்தாது. முன்பிருந்த எதிர்ப்பாற்றலை மருந்து கொடுத்து வழித்துவிட்டுத்தான் புதிய அணுவை ஏற்றுகிறார்கள். அதன் பிறகு குழந்தை முன்பு போட்டுக்கொண்ட தடுப்பூசிகளைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் உடம்பில் பச்சைக் குழந்தையின் எதிர்ப்பாற்றல். புதிய டி அணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். அங்கே தேர்வு கடுமை, பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. குழந்தைகளுக்கு இந்தச் சுரப்பி பெரியதாக, சுறுசுறுப்பாக இருப்பதால் பெரியவர்களைவிட வேகமாக டி அணுக்கள் வருகின்றன. அப்படியும் மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு.

அதனால் 'மீள்' வேண்டாம், 'தேறல்' என்று வைப்போம் என்பது என் எண்ணம். பயிர் தேறியது என்கிறோம், பிள்ளை தேறினான் என்கிறோம், தேர்விலும் தேறுகிறோம். சங்கத் தமிழில் தேறல் என்றால் தெளிந்த கள் என்று புலவர் ஐயா வருவார், தெரியும். 'தேற்றம்' என்று வைத்தால் கணக்கு வாத்தியார்கள் வருவார்கள். பரவாயில்லை. மருத்துவர் அம்மா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

-----

ஐயா, வணக்கம். பணி முடிந்து இப்போதுதான் படித்தேன்.

வேர்பிடிப்புக்கு என் ஓட்டு. ஒரு திருத்தம் மட்டும். 500 என்ற கணக்கை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள். ஸ்கிட் குழந்தைகளில் பலருக்கு நாங்கள் பழைய அணுக்களை வழிக்கும் முன்மருந்து கொடுக்காமலேயே அணுக்களை ஏற்றுகிறோம். புதிதாக வரும் அணுவைத் தள்ளிவிட அவர்களிடம் டி அணுவே இல்லையே. அப்படிப்பட்ட குழந்தையின் சொந்த நியூட்ரோபில் எண்ணிக்கை விழுவதே இல்லை, கவுண்ட் பார்த்து என்ன தெரியும்? டி அணுக்களில் கொடையாளருடையவை எத்தனை பங்கு என்று பார்த்துத்தான் சொல்வோம். அதிலும் டி அணு கொடையாளருடையதாகவும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும் பி அணு குழந்தையினுடையதாகவும் நின்றுவிடுவது உண்டு. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அந்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆகவே 'வேர் பிடித்தது' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த அணு பிடித்தது என்றும் எழுத வேண்டும். நீங்கள் இரண்டு சொல்லையும் தனித்தனியாக வைத்தது அதனாலேயே சரி. வேர் பிடித்தும் எதிர்ப்பாற்றல் வராமல் இருக்கலாம்.

'தேறல்' வேண்டாம், ஐயா. கள்ளுக்காக இல்லை. "பிள்ளை தேறிட்டான்" என்று நாங்கள் சொன்னால், அடுத்த முகூர்த்தத்துக்கே கல்யாண மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். முன்பு ஒரு முறை அப்படிச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கையேட்டில் ஸ்கிட் பகுதியில் இரண்டு செய்தி சேர்க்க முடிந்தால் நல்லது. வட அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை மாற்று செய்த 240 குழந்தைகளின் விவரத்தை 2014இல் வெளியிட்டார்கள். மூன்றரை மாத வயதுக்குள் செய்தவர்களில் ஐந்து ஆண்டு கழித்து 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, தொற்று உள்ளபோதே செய்தவர்களில் 50 சதவீதம்தான். இன்னொன்று, நம் ஊரில் பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுவிடுகிறோம், அதில் இருப்பது உயிருள்ள கிருமி. ஸ்கிட் குழந்தைக்கு அந்தக் கிருமியே உடம்பெங்கும் பரவும் நோயாகிவிடும். வீட்டில் முன்பே ஒரு குழந்தை இப்படி இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன் மருத்துவரிடம் சொல்லும்படி ஒரு வரி போடுங்கள்.

-----

அம்மா, இரண்டு செய்தியும் சேர்த்தாயிற்று. பி.சி.ஜி. வரியைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். 500 கணக்குக்குக் கீழே ஸ்கிட் குழந்தைகளுக்கு என்று தனிப் பத்தி வருகிறது.

தேறல் விழுந்தது, எனக்கு வருத்தமில்லை. நீங்கள் வார்டில் பெற்றோரிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்று பிறகு தொலைபேசியில் கேட்டேன் அல்லவா, "எதிர்ப்பு சக்தி கூடி வருதும்மா" என்றீர்கள். நீங்கள் கவனிக்காமல் சொன்னது அது. எனக்கு அன்று ராத்திரி முழுக்க அதுதான். கூடிவருதல் என்றால் அளவு ஏறுவதும் ஆகும், பல துண்டுகள் ஒன்றுசேர்வதும் ஆகும். கல்யாணம் கூடிவந்தது என்கிறோமே, அதுபோல. முதலில் நியூட்ரோபில், பிறகு என்.கே. எனும் இன்னொரு வகை வெள்ளை அணு, அப்புறம் பி, டி என்று ஒவ்வொன்றாக வருவதை அது அப்படியே சொல்கிறது. முன்பு இருந்தது என்றும் சொல்லவில்லை, முடிந்துவிட்டது என்றும் சொல்லவில்லை.

'கூடிவரல்' என்று பெயர்ச்சொல்லாக்கினால் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் என்பதற்காக நாமும் பெயர்ச்சொல்லாக்கியே தீர வேண்டுமா? கையேட்டில் வினையாகவே விட்டுவிட்டேன். பதினான்காம் பக்கத்தில் இப்போது இருப்பது இது:

"வேர் பிடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் குழந்தையின் எதிர்ப்பாற்றல் கூடிவரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கூட்டத்துக்குள் அழைத்துப் போக வேண்டாம்."

சொற்பட்டியலில் மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. புலவர் ஐயாவுக்கு ஞாயிறு மாலை வரை நேரம்.