ஏற்காட்டிலிருந்து விந்துப் பரிசோதனை: லேப் சேர்வதற்குள் மாதிரி கெட்டுவிடுகிறது

வணக்கம். இரண்டு தடவை எடுத்தும் ரிப்போர்ட் ஒத்துவரவில்லை. வயது 34, குழந்தைக்கு முயன்று ஒன்றரை வருடம்.

ஜனவரியில் வீட்டிலேயே எடுத்து, டப்பாவை பைக் டேங்க் கவரில் வைத்து சேலத்துக்கு இறங்கியது. 20 கொண்டை ஊசி வளைவு, காலைப் பனி, கோரிமேட்டில் டிராஃபிக், போன இடத்தில் வரிசை. ஸ்லைடு போடும்போது 1 மணி 40 நிமிடம் ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியது, அதுவும் குளிரில். முன்னேறி நீந்தும் அணுக்கள் 11% (குறைந்தது 30% வேண்டும்). எண்ணிக்கை மில்லிக்கு 3.8 கோடி, அதில் குறையில்லை.

ஏப்ரலில் லேப் கழிப்பறையிலேயே எடுத்தது. நீந்துபவை 32%. ஆனால் முதல் சொட்டுகள் டப்பாவுக்கு வெளியே போய்விட்டன. அணுக்கள் அதிகம் இருப்பதே அதில்தான், எண்ணிக்கை 1.2 கோடியாக இறங்கியதை நம்ப முடியாது.

இரண்டு முறையும் எடுப்பதற்கு முன் 3 நாள் விந்து வெளியேற்றாமல் இடைவெளி. எண்ணெய், சோப்பு, ஆணுறை கிடையாது. முந்தைய மூன்று மாதத்தில் காய்ச்சல் இல்லை. ஹார்மோன் பரிசோதனையில் காலை 8 மணி டெஸ்டோஸ்டிரோன் 460, எஃப்.எஸ்.ஹெச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) 4.8. ஸ்கேனில் வெரிகோசீல் (விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம்) இல்லை.

அடுத்த முறை அஸ்தம்பட்டியில் ரூம் போட்டு எடுத்து, டப்பாவை சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுபோகத் திட்டம். ஆனால் விசாரித்த ஒரு லேப் வெளி மாதிரி வாங்காது; இன்னொன்றில் 11 மணிக்கு மொத்தமாகத்தான் பார்ப்பார்களாம்.

சேலத்தில் வெளி மாதிரியை வாங்கி, அரை மணிக்குள் ஸ்லைடு பார்க்கும் லேப் எது?