புதுப்பிப்பு: அப்பாவுக்கு மூன்று கம்பி பேஸ்மேக்கர் பொருத்தியாயிற்று

அப்பாவின் இதயம் பலவீனமானதற்கான மாத்திரைகளை முழு அளவில் கொடுத்தும் மூச்சிரைப்பு குறையவில்லை, சாதாரண பேஸ்மேக்கர் போதாதா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாதாம். இதயத்தின் இடது மின்கிளை (இடப்பக்கத்துக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதை) அடைபட்டிருப்பதால் நடுச்சுவர் முதலில் சுருங்கி ஓய்ந்த பிறகே இடது கீழறையின் பக்கச்சுவர் சுருங்குகிறது. அந்த இழுபறியில் பம்பு செய்யும் வலு வீணாகிறது. ஈசிஜியில் க்யூஆர்எஸ் அகலம் (கீழறைகள் முழுவதும் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம்) 160 மில்லிவிநாடி. இவ்வகை அடைப்பில் 150-ஐத் தொட்டவர்களுக்கே பலன் அதிகம் என்றதால் சம்மதித்தோம். மூன்றாவது கம்பி இதயச் சிரை வழியாக இடப்பக்கம் போய், இரு சுவர்களையும் சேர்ந்து சுருங்க வைக்கிறது.

ஆரம்பத்தில் அந்தக் கம்பியின் மின்துடிப்பால் உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசை) துடித்து விக்கல்போல் படுத்தியது. கருவியின் அமைப்பை வெளியிலிருந்தே மாற்றினார்கள், நின்றது. (கத்தி வைக்கவில்லை, நிம்மதி!) இப்போது மாடிப்படி ஏறுகிறார். ஆனால் இந்தக் கருவியைப் பொருத்தியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு முன்னேற்றம் தெரிவதில்லை. மாத்திரைகளை நிறுத்தலாமா என்று கேட்டவர்களுக்கு: கூடாது, அவை தொடர்கின்றன.