மறு: ஒருபோதும் ஓடாத கிளைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

நிரலில் (கணினி புரோகிராமில்) எழுதியிருந்தும் ஒருபோதும் ஓடாத கிளைக்கு, அதாவது ஒரு நிபந்தனைக்குக் கீழே வரும் பகுதிக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அணுகவியலாக் குறிமுறை, பட்ட கிளை, அப்புறம் நான் சொன்ன எட்டாக்கிளை. என் சொல்லை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித் தருகிறேன். மூன்றாவது வாரப் பயிற்சி உங்களில் பலரும் கொடுத்திருக்கக்கூடியதுதான். மதிப்பெண்ணைக் கொடுத்தால் அது தேர்ச்சியா, முதல் வகுப்பா, சிறப்பு நிலையா என்று நிரல் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியதை அப்படியே தமிழாக்கித் தருகிறேன்:

மதிப்பெண் >= 35 என்றால்: "தேர்ச்சி"
இல்லையென்றால், மதிப்பெண் >= 60 என்றால்: "முதல் வகுப்பு"
இல்லையென்றால், மதிப்பெண் >= 75 என்றால்: "சிறப்பு நிலை"
இல்லையென்றால்: "மறுதேர்வு"

82 கொடுத்தாள். "தேர்ச்சி" என்று வந்தது. 75-ஐ 80 ஆக்கிப் பார்த்தாள், அதே விடை. மேற்கோள் குறியை மாற்றினாள். அந்த வரியையே அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். இருபது நிமிடம் மூன்றாவது வரியிலேயே போனது. அந்த வரியிலோ ஒரு பிழையும் இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "சார், அது கீழ வரவே மாட்டேங்குது" என்றாள்.

நாம் தேடும் சொல்லின் பொருள் அந்த ஒரு வரியில் முழுசாக இருக்கிறது. கிளை நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டம் அங்கே போய்ச் சேரவில்லை. நிரலை வாய்விட்டுத் தமிழில் படிக்கச் சொன்னேன். "35 அல்லது அதற்கு மேல் என்றால் தேர்ச்சி. இல்லையென்றால், 60..." அங்கேயே நிறுத்திவிட்டாள். 35கூட எடுக்காதவர் 60 எப்படி எடுத்திருப்பார்? பைத்தானில் 'எலிஃப்' (elif) என்று பார்க்கும்போது கண்ணில் படாதது 'இல்லையென்றால்' என்று சொன்னதும் காதில் விழுந்துவிட்டது. தமிழிலேயே நிரல் எழுத உதவும் எழில் மொழியில் இதற்கு 'இல்லைஆனால்' என்றே குறிச்சொல் வைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொண்டேன். முன்னால் கேட்ட நிபந்தனை பொய்யாகிப் போன பிறகுதான் இந்த வரிக்கே வருகிறோம் என்பதை அந்தச் சொல் மறைக்காமல் சொல்கிறது.

இனி மற்ற இரண்டு சொற்கள்.

'அணுகவியலா' இலக்கணப்படி சரி, பொருளும் சரி. ஆனால் 'அணுகல்' என்ற சொல்லைக் கோப்பு அனுமதிக்கும், கடவுச்சொல்லுக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அணுகவியலாக் குறிமுறை என்று கேட்கும் மாணவர், யாரோ அனுமதி மறுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். வகுப்பில் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை சொல்ல வேண்டிய சொல்லுக்கு நீளமும் அதிகம்.

'பட்ட கிளை' அழகான சொல். முன்மொழிந்த கோவை நண்பருக்கு என் பாராட்டு. எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். கிளை பட்டுப்போனால் என்ன செய்வோம்? வெட்டிவிடுவோம். அந்த மாணவி "சிறப்பு நிலை" வரியை வெட்டியிருந்தால் நிரல் சத்தமில்லாமல் தவறாகவே ஓடிக்கொண்டிருக்கும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6 என்று அவசரத் திருத்தம் வெளியிட்ட வழுவை இங்கே பலருக்கும் நினைவிருக்கும். 'கோட்டூ ஃபெயில்' (goto fail, நேராக இறுதிப் பகுதிக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. முதல் வரி மேலே இருந்த இஃபுக்கு, அதாவது நிபந்தனைக்கு, கட்டுப்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த, இணைப்பின் மறுமுனை உண்மையானதா என்று பார்க்கும் கையொப்பச் சோதனைக்கு ஓட்டம் போகவே இல்லை, பிழை எண்ணும் 0 ஆகவே இருந்ததால் எல்லாம் சரி என்ற விடையே திரும்பியது. அந்த நிரலில் மிக முக்கியமான வரிகளே அவைதாம். அவற்றைப் பட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பைலர் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) பாடத்தில் ஓடாத நிரல் வேறு, ஓடியும் அதன் விடை யாருக்கும் பயன்படாத நிரல் வேறு. இரண்டாவதற்குப் 'பட்ட நிரல்' மிகப் பொருத்தம், அதை வெட்டத்தான் வேண்டும். சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோமே.

எட்டாக்கனி என்கிறோம். கனியில் குறையில்லை, நம் கைதான் போய்ச் சேரவில்லை. எட்டாக்கிளையும் அப்படித்தான். எட்டாத என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் எட்டா, அதனால் பின்னால் வல்லினம் மிகும்: எட்டாக்கிளை. செயல்கூற்றை அங்கேயே முடித்துவிடும் ரிட்டர்னுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் வரிகளுக்கு 'எட்டா வரி' என்றே சொல்லலாம், அங்கே மிகாது. ஒரு சொல்லிலிருந்து குடும்பமே வருகிறது.

எட்டு என்ற எண்ணோடு குழம்பாதா என்று யாழ்ப்பாணத்து ஐயா கேட்டது நியாயமான கேள்வி. எழுத்தில் குழப்பம் இல்லை. பேச்சில் 'எட்டாங்கிளை' என்று காதில் விழ வாய்ப்பு உண்டுதான். எட்டாக்கனியை ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும் என்பது என் எண்ணம், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் அனுபவத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நாம் மூன்று பேரும் பாதிக்கப்பட்ட கிளைக்குத்தான் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். குற்றவாளி மேலே இருக்கிறது. அந்தப் பெண் இருபது நிமிடம் மூன்றாவது வரியைத் திருத்தியதும் இதனால்தான். விடை வராத இடத்தில் பிழை இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அதனால் மேலே நிற்கும் அந்த முதல் நிபந்தனைக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். 'விழுங்கு நிபந்தனை' என்று முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. 35-க்கான நிபந்தனை 60-ஐயும் 75-ஐயும் விழுங்கிவிட்டது. 'நிழலாக்கம்' என்றும் யோசித்தேன், அது ஒரு மாறியை அதே பெயருள்ள இன்னொரு மாறி மறைப்பதற்கு வழங்கும் சொல்லாக இருப்பதால் விட்டுவிட்டேன்.

எண்களை வரிசையாகச் சொல்லி, 3-இன் மடங்குக்கு 'ஃபிஸ்', 5-இன் மடங்குக்கு 'பஸ்', 15-இன் மடங்குக்கு இரண்டையும் சொல்லும் ஃபிஸ்பஸ் பயிற்சியிலும் இதே கதைதான். 3-இன் மடங்கா என்று முதலில் கேட்டால், 15-இன் மடங்கா என்ற கேள்வி எட்டாக்கிளை ஆகிவிடும். 5-இன் மடங்கா என்ற கேள்வி அப்படி ஆகாது, 10-க்கும் 20-க்கும் அது ஓடும். ஆகவே வரையறையை இறுக்கமாக வைக்க வேண்டும். பின்னால் வரும் நிபந்தனை உண்மையாகும் எல்லா இடங்களிலும் தானும் உண்மையாகி, அதற்கு முன்னால் நிற்பதே விழுங்கு நிபந்தனை. கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வது விழுங்குவதாகாது.

ஜாவா மொழியில் பொதுவான எக்ஸெப்ஷனை (ஓடும்போது எழும் பிழையை) முதல் கேட்சில் (அதைப் பிடிக்கும் பகுதியில்) பிடித்துவிட்டு அதன் உள்வகையை அடுத்த கேட்சில் பிடிக்கப் பார்த்தால் கம்பைலரே நிறுத்திவிடும். பைத்தான் இஃப் வரிசையில் ஒரு எச்சரிக்கையும் வராது. பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பதால்தான் பெயருக்காக இவ்வளவு நிற்கிறேன். ஒவ்வொரு கிளையிலும் ஒரு பிரின்ட் போட்டு, 34, 35, 59, 60, 74, 75, 100 என்று கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். எந்த மதிப்புக்கும் பேசாத கிளை எட்டாக்கிளை. அதிலிருந்து மேலே ஏறிப் போனால் விழுங்கு நிபந்தனை கிடைத்துவிடும்.

பயிற்சித் தாள் வியாழன் அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களையும் மேலே சொன்ன வரையறையோடு அதில் சேர்க்க நினைக்கிறேன். மறுப்போ இதைவிட நல்ல சொல்லோ இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள். 'எட்டா' என்ற சொல்லை வகுப்பில் பேசிப் பார்க்க முடிந்தவர்கள், பிள்ளைகள் காதில் எப்படி விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்