பார்க்கிங் அனுமதி ஆளுக்கா, வண்டிக்கா?

லண்டன், ஈஸ்ட் ஹாம்:
பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு ப்ளூ பேட்ஜ், அதாவது மாற்றுத்திறனாளி இடத்தில் வண்டி நிறுத்துவதற்கான அனுமதி அட்டை, கிடைத்தது. இங்கே அதை ஆள் பெயருக்குத்தான் கொடுக்கிறார்கள். பின்பக்கம் அவர் போட்டோ இருக்கும், வண்டி எண் கிடையாது. டயாலிசிஸுக்கு ஒரு நாள் என் கார், இன்னொரு நாள் தம்பி கார், யாருக்கும் தோதுப்படாவிட்டால் டாக்சி. எதில் ஏறினாலும் அட்டை அப்பாவோடு போகும்.

தம்பி புதுக் காரில் கூட்டிப்போன அன்று கடை வாசலில் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "உனக்கு எதற்கு இந்த இடம்?" என்று சத்தம். தம்பி ஒன்றும் பேசாமல் பின்கதவைத் திறந்து, அப்பாவின் வலது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தான். அந்த ஆள் போய்விட்டார்.

உறவில் ஒரு பையன், "மாமா வீட்டில்தானே இருக்கிறார், அட்டையைக் கொடுங்கள், கடைக்குப் போய் வருகிறேன்" என்றான். கொடுக்கவில்லை. அப்பா இல்லாத பயணத்துக்கு அதைப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். அது நியாயம்தான்.

சிங்கப்பூர்:
கொடுத்து வைத்தவர்கள் அக்கா. இங்கே மாற்றுத்திறனாளி பார்க்கிங் லேபிளில் வண்டி எண் இருக்கும். அண்ணன் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் அம்மாவைச் சித்தப்பா மகன் காரில் கிளினிக்குக் கூட்டிப்போனோம். லேபிள் செல்லாது, சாதாரண இடத்தில்தான் நிறுத்தினோம். திரும்பி வந்தால் பக்கத்தில் ஒரு வேன். கதவு ஒரு சாண்தான் திறந்தது. காரை நடுவழிக்கு எடுத்து, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க அம்மாவைத் தூக்கி ஏற்றினோம். சக்கர நாற்காலியில் இருப்பது அம்மாதானே, காரா?

லண்டன், இன்னொருவர்:
ஈஸ்ட் ஹாம் அக்கா சொல்வதே சரி, உரிமை ஆளுக்குத்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்தக் காரிலும் செல்லும் என்பதால்தான் திருடர்களுக்கும் அதன் மேல் கண். வீட்டு வாசலில் எங்களுக்கு மாற்றுத்திறனாளி இடம். இரவிலும் அட்டையைக் காரில் வைத்தாக வேண்டும். ஒரு காலையில் பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. சில்லறைக் காசு அப்படியே இருந்தது, அட்டையைத்தான் காணோம்.

லண்டனில் சில கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) ப்ளூ பேட்ஜோடு கூடவே கம்பேனியன் பேட்ஜ் என்ற துணை அட்டையும் தருகின்றன. அதில் கார் எண் இருக்கும், அந்தக் கவுன்சில் எல்லைக்குள் மட்டும் செல்லும், திருடியும் பயனில்லை. இப்போது ராத்திரியில் காரில் இருப்பது அதுதான். ஈஸ்ட் ஹாம் அக்கா, உங்கள் கவுன்சிலிலும் கேட்டுப் பாருங்கள்.